கட்டிலில் கிடந்த கயிறு

போன கிழமை எங்கட குசினிக்குள்ள ஒரு சண்டையோட உங்களை நிப்பாட்டிப்போட்டுப் போனனான். புதுசா வாசிக்க வாற ஆக்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிப்போட்டு இண்டைய சங்கதிக்கு வாறன். இண்டைய சங்கதி அதைவிடப் பெரிசு.

நான் அன்ரோனெற். மன்னார்த் தீவில, தாழ்வுபாட்டுப் பக்கம் போற றோட்டில இருக்கிற சகாயமாதா இல்லத்துக்குப் பொறுப்பாளர். சண்டை ஓய்ஞ்சு சனம் ஊர் திரும்பேக்க, திரும்பி வந்தும் பாக்க ஆளில்லாமல் நிண்ட வயசான ஆம்பிளையளுக்காகத் துவங்கின இல்லம். சமூகசேவைக் கந்தோரில பதிஞ்சு, லைசன்ஸ் எடுத்து, முறையா நடத்திறம். லைசன்சில எத்தினை கட்டிலெண்டு போட்டிருக்கோ அத்தினைதான். ஒரு கட்டில் கூடப் போட்டம் எண்டால் லைசன்ஸ் போயிடும், உள்ளுக்கு இருக்கிற அவ்வளவு பேரும் றோட்டுக்கு வரவேண்டியதுதான்.

என்ர மனுசன் கிறகரிக்குக் கடற்தொழில். அவற்ற அப்பா, என்ர மாமா, செபமாலை. ஒரு காலத்தில கரைவலைச் சம்மாட்டி. சொந்தமா வலை வைச்சு, ஆக்களை வைச்சு, கரையில நிண்டு அதட்டித் தொழில் நடத்தின மனுசன். மாமி கண்ணை மூடினதுக்குப் பிறகு எங்களோடதான் இருக்கிறார்.

போன கிழமை மாமா கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டார். நல்ல காலம், எலும்பொண்டும் உடையேல்லை. வீட்டில ஒருத்தரும் இல்லை. அங்கால வீட்டுக்காரர் கண்டு தூக்கிவிடுமட்டும் அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறார்.

அண்டைக்குப் பின்னேரம் நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன், "இல்லத்தில ஒரு கட்டில் வெறுமையாத்தான் கிடக்கு" எண்டு. அதுக்கு கிறகரி என்ன சொன்னவர் தெரியுமோ? "என்ர அப்பனைக் கொண்டுபோய் அநாதை மடத்தில விட்டிட்டு நான் ஊருக்குள்ள எப்பிடித் திரியிறது?"

அநாதை மடம். நான் உயிரைக் குடுத்து நடத்திற இடத்துக்கு அந்தாள் வைச்சிருக்கிற பேர் அது. எனக்கு வந்த விசரில கறிச்சட்டியைக் கொஞ்சம் பலமா இறக்கி வைச்சன். அதோட கதை முடிஞ்சுதெண்டு நினைச்சன். சுவருக்கு அங்கால மாமா முழிச்சுக்கொண்டு கிடந்தவர் எண்டது எனக்குத் தெரியாது.

இனி இண்டைக்கு.

அந்த வெறும் கட்டிலுக்கு இதுக்கிடையில ஆள் பேசியாச்சு. முசலிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், பக்கீர் எண்டு பேர். தொண்ணூறில இயக்கம் போகச் சொல்லி முஸ்லிம் சனம் முழுக்க ஊரை விட்டுப் போகவேண்டி வந்ததெல்லோ, அதில புத்தளத்துக்குப் போனவர். இருபது வருஷத்துக்கு மேல அங்க கிடந்து, மீள்குடியேற்றத்தோட திரும்பி வந்திருக்கிறார். மனுசியும் இல்லை, பிள்ளையளும் இல்லை. கூட வந்த பெறாமகள், தமையன்ர மகள் உம்மு ஸல்மா நாளைக்குப் புத்தளத்துக்கே திரும்பிப் போறா. பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் அங்க. பெரியவர் போகமாட்டனெண்டு நிக்கிறார். இந்தக் கடலைவிட்டு இனி அசையிறேல்லையாம்.

எங்கட கமிற்றி கூடி, கோயில் பாதரும் ஓமெண்டு, கட்டில் அவருக்கெண்டு முடிவாச்சு. நானும் போனில உம்மு ஸல்மாவுக்கு வாக்குக் குடுத்திட்டன். மத்தியான பஸ்சில வாறதெண்டு ஏற்பாடு.

அதுக்குத்தான் காலமை வெள்ளண்ண ரவுணுக்குப் போய்ப் புது விரிப்பும் தலகணியும் வாங்கிக்கொண்டு வந்தனான். கேற்றடியில லூசியா நிக்கிறாள். எங்கட சமையலும் பராமரிப்பும் அவள்தான். நிண்ட நிலையே சரியில்லை.

"அக்கா, கோவிக்காதேங்கோ. கட்டிலில கயிறு கிடக்கு."

"என்ன கயிறு?"

"வந்து பாருங்கோ. நான் தொடேல்லை."

போய்ப் பாத்தன். கடல் பக்கத்துச் சன்னலோட இருக்கிற அந்தக் கட்டிலில, நடு மெத்தையில, சுருட்டின வலைக்கயிறு ஒண்டு கிடக்கு. பக்கத்தில ஒரு கதிரை. கதிரையில என்ர மாமா. முகம் வழிச்சு, எண்ணெய் வைச்சுத் தலை இழுத்து, திருநாளுக்குக் கட்டிற வேட்டியோட இருக்கிறார்.

கரைவலைக்காரருக்கு இதில விளக்கம் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லவேணும். கடற்கரையில வலை இழுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் பாடு எண்டு சொல்லுறது. ஒரு பாட்டில ஒரு நேரத்துக்கு ஒரு வலைதான். அதால முறை இருக்கு. நாளைக்கு முறை வேணுமெண்டவர் இண்டைக்கே தன்ர கயிறைக் கொண்டுபோய் மணலில வைச்சால் போதும், முறை அவருக்கு. காவல் இருக்கத் தேவையில்லை. வெட்டுக்குத்துப் பட்ட பகையாளியெண்டாலும் அந்தக் கயிறில கை வைக்கமாட்டான். வைச்சவர்தான் எடுக்கவேணும். பொலிசும் வழக்கும் இல்லாமல் எங்கட கரை இவ்வளவு காலமும் நடந்தது இந்த ஒழுங்கிலதான்.

கரையில வைக்கிற கயிறை மனுசன் கொண்டுவந்து கட்டிலில வைச்சிருக்கிறார்.

"மாமா, இதென்ன வேலை?"

"முறை போட்டிருக்கிறன், பிள்ளை."

"இதென்ன கரையோ?"

"வெறுமையாக் கிடந்தது. ஒருத்தற்ற கயிறும் இருக்கேல்லை. போட்டிட்டன்."

நான் ரவுணுக்கு வெளிக்கிட்டதும், கொட்டிலுக்குள்ள கிடந்த பழைய கயிறையும் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிச்சு வந்திருக்கிறார். கிறகரி விடிய முன்னமே கடலுக்குப் போயிட்டார். பாத்துச் செய்த வேலை.

"லூசியா, இதை எடுத்து வெளியில வை."

"அக்கா, என்ர அப்பரும் கரைவலைக்காரன். என்னால ஏலாது."

சுத்திவரப் பாத்தன். கட்டில்களில இருந்தவை, ஒருத்தரைத் தவிர, எல்லாரும் கடற்காரர். ஒருத்தர் கூரையைப் பாக்கிறார், ஒருத்தர் காலைச் சொறியிறார், ஒருத்தர் செபம் சொல்லுறார். நவரத்தினம் ஐயா மட்டும் எழும்பி இருந்து நல்லா ரசிச்சுக்கொண்டிருந்தார். அவர் முருங்கன் பக்கத்து வயல்காரன்.

"கடற்காரரின்ர சட்டம் எனக்குத் தெரியாது, பொறுப்பாளர் அம்மா. ஆனா எங்கட வாய்க்காலிலயும் தண்ணிக்கு முறை இருக்கு. ஒருத்தன்ர முறையில மற்றவன் மடை திறந்தால் பிறகு மண்வெட்டிதான் கதைக்கும்."

"நீங்கள் சும்மா இருங்கோ ஐயா."

"நான் சும்மாதானே இருக்கிறன்."

சரி, ஒருத்தரும் எடுக்காட்டில் நான் எடுக்கிறன் எண்டு கிட்டப் போனன். நான் படிச்சனான். முதியோர் பராமரிப்பில டிப்ளோமா முடிச்சு, சட்டிபிக்கட் கந்தோர்ச் சுவரில தொங்குது. குனிஞ்சு கையை நீட்டினால் கை போகுதில்லை. என்ர அப்பாவும் அந்தக் கரையில கயிறு இழுத்தவர்தான். எனக்கு என்னிலேயே கோபம் வந்தது.

லூசியாவைக் குசினிக்கு அனுப்பிப்போட்டு மாமாவுக்கு முன்னால கட்டில் விளிம்பில இருந்தன்.

"மாமா, இந்தக் கட்டில் வேற ஆளுக்கு. மத்தியானம் வாறார். அவருக்குப் போக வேற இடமில்லை. உங்களுக்கு வீடு இருக்கு, மகன் இருக்கிறார், நான் இருக்கிறன்."

"எப்ப இருக்கிறாய்?"

நான் கையில இருந்த புது விரிப்பை மடியில வைச்சன்.

"நான் குறை சொல்லேல்லை பிள்ளை" எண்டார். "பகல் முழுக்க நீ ஊரில உள்ள அப்பன்மாருக்கெல்லாம் சோறு குடுக்கிறாய், கதை கேக்கிறாய். நல்ல வேலை. அவன் விடிய முன்னம் கடலுக்குப் போறான். எனக்கு ஒரு சுடுதண்ணிப் போத்தலில தேத்தண்ணி. பொழுதுபடுமட்டும் அந்தப் போத்தலும் நானும்தான். அண்டைக்கு விழுந்து கிடக்கேக்க எனக்கு நோகேல்லை. ஆரையெண்டாலும் கூப்பிடுவம் எண்டால் கூப்பிட ஒரு பேர் வாயில வரேல்லை. அதுதான் இஞ்ச வந்தனான்."

எனக்கு அழுகை வந்திட்டுது. உள்ளதைச் சொன்னாலென்ன. ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் போத்தலை நிரப்பி வைச்சிட்டு, கடமை முடிஞ்சுதெண்டு நினைச்சுக்கொண்டு ஸ்கூட்டியில ஏறினவள் நான்தானே.

ஆனா கட்டில் ஒண்டுதான். அதை மாமாவுக்குக் குடுத்தால் ஒரு மனுசன் திரும்பிப் போகவேணும், நான் குடுத்த வாக்குப் போகும். "பொறுப்பாளர் தன்ர வீட்டு ஆளுக்கு இடம் பிடிச்சிட்டா" எண்டு ஊர் சொல்லும், அதில பிழையும் இருக்காது. குடுக்காட்டில் மாமா அந்தப் போத்தலுக்குத் திரும்பிப் போகவேணும்.

இந்த நேரத்திலதான் வாசலில மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டது.

கிறகரி கரைக்கு வந்ததும் வராததுமா ஐஸ் லொறிக்காரன் சொல்லியிருக்கிறான், "உங்கட அப்பா இல்லத்தில சேந்திட்டாராம்" எண்டு. காலில மீன்செதிலோட அப்பிடியே வந்திருக்கிறார். நான் இவ்வளவு காலம் வேலை செய்யிற இடத்துக்குள்ள அந்தாள் கால் வைச்சது இண்டைக்குத்தான்.

"எழும்புங்கோ அப்பா, வீட்டை போவம்."

"முறை போட்டிருக்கிறன் தம்பி."

"என்ன முறை? உங்களுக்கென்ன, சோறில்லையோ, பாயில்லையோ? நான் செத்துப் போட்டனோ?"

"உன்னில ஒரு குறையுமில்லை. நீ போய் முழுகு, மீன் மணக்குது."

கிறகரி கயிறைப் பாத்தார். பிறகு வேகமாக் குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டினார். கூரையைப் பாத்துக்கொண்டிருந்த அவ்வளவு பேரும் இப்ப அவற்ற கையைத்தான் பாக்கினம். நீட்டின கை கயிறுக்கு மேல கொஞ்ச நேரம் நிண்டுது. பிறகு நிமிந்திட்டார், தொடேல்லை.

"என்ன, சம்மாட்டி மகன், எடுக்கேல்லையோ?" எண்டு நவரத்தினம் ஐயா கேட்டார். நான் அவரை ஒரு முறை முறைச்சன்.

போக வழியில்லாத கோபம் கடைசியில என்னிலதானே வந்து முடியும். "உனக்கு இப்ப சந்தோசமோ?" எண்டு கேட்டார் என்ர மனுசன்.

"எனக்கென்ன சந்தோசம்? இன்னும் கொஞ்ச நேரத்தில ஒரு மனுசன் தன்ர கட்டிலெண்டு நம்பி வந்து இறங்கப்போறார். அவருக்கு என்ன சொல்லுறதெண்டு நீங்களே ஒருக்காச் சொல்லித் தாங்கோ."

அவர் வெளியில போய், விறாந்தைக்குப் பக்கத்தில பூவரசுக்குக் கீழ மோட்டச்சைக்கிளோட நிண்டார். அப்பனை விட்டிட்டுப் போகவும் ஏலாது, கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது. நிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

பஸ் வந்திட்டுது.

உம்மு ஸல்மா ஒரு உடுப்புப் பையோடயும் சுருட்டின பாயோடயும் முன்னுக்கு வாறா. பின்னால பக்கீர். மெலிஞ்சு, உயரமா, தொப்பியும் சாரமும், கையில தடி. நிமிந்துதான் நடக்கிறார். வாசலில நிண்டு "அஸ்ஸலாமு அலைக்கும்" எண்டார். உள்ளுக்கிருந்த கிழவர்மார் எல்லாரும் ஆளுக்கொரு விதமா மறுமொழி சொல்லிச்சினம்.

நான் அவரைக் கந்தோருக்குள்ள இருத்தி முதலில விசயத்தைச் சொல்லுவம் எண்டுதான் இருந்தன். அதுக்குள்ள உம்மு ஸல்மா, "எது அக்கா சாச்சான்ர கட்டில்? கடல் தெரியுமெண்டு சொன்னீங்கள்" எண்டு கேக்க, பெரியவர் கடல் தெரியிற சன்னலைக் கண்டு தானே நடந்து போயிட்டார்.

கட்டிலுக்குக் கிட்டப் போய் நிண்டார். கயிறைக் கண்டார். குனிஞ்சு பாத்தார். கையைப் பின்னால கட்டிக்கொண்டுதான் பாத்தார்.

"ஆற்ற முறை?"

"என்ர" எண்டார் மாமா.

"ஆ. அப்ப நான் அடுத்த முறைக்கு இருக்கிறன்."

சொல்லிப்போட்டு வெளியில போய் விறாந்தையில கிடந்த நீட்டு வாங்கிலில இருந்திட்டார். கோபமில்லை, வாக்குவாதமில்லை. பஸ் ஸ்ராண்டில அடுத்த பஸ்சுக்கு இருக்கிற மாதிரி இருந்தார்.

உம்மு ஸல்மாவுக்குத்தான் தலை சுத்திப்போட்டுது. "சாச்சா, அடுத்த முறையெண்டு ஒண்டுமில்லை. எனக்கு நாளைக்குப் பயணம்."

"நீ போ மகள். நான் இதில இருப்பன்."

"இதில எண்டால்? இந்த வாங்கிலயோ?" என்னட்ட வந்தா. கண்ணெல்லாம் நிறைஞ்சு போச்சு. "அக்கா, நீங்கள் வாக்குக் குடுத்தனீங்கள்தானே. இந்தக் கட்டில் இல்லையெண்டால் நான் இவரை இழுத்துக்கொண்டுதான் போகவேணும். அங்க வந்தால் ஒரு மாசம் தாங்கமாட்டார், எனக்குத் தெரியும்."

"ஓம். குடுத்தனான்" எண்டன்.

அந்த இடத்தில நான் முடிவெடுத்திட்டன். பாவமோ, கரைக்குத் துரோகமோ, என்னவோ. கயிறை நான் தூக்கிறது. மாமா என்னோட சாகுமட்டும் கதைக்காட்டிலும் பறவாயில்லை. விறுவிறெண்டு உள்ளுக்கு வந்தன். வந்து பாத்தால் மாமா கதிரையை விட்டு எழும்பி, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வெளியில போறார். போய்ப் பக்கீருக்குப் பக்கத்தில, அதே வாங்கிலில இருந்தார்.

சன்னலுக்கு இங்கால நான். பூவரசடியில கிறகரி. ரெண்டு பேருக்கும் அவையின்ர கதை நல்லாக் கேட்டுது.

"எந்தக் கரை?" எண்டு கேட்டார் மாமா.

"முசலிக்கு அங்கால. பனைமுனைப் பாடு."

மாமா அதுமட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர், கையை எடுத்திட்டார்.

"கரைவலையோ?"

"வாப்பா காலத்தில இருந்து. எங்களுக்கும் மற்ற ரெண்டு வலைக்காரருக்கும் மாறி மாறி முறை. ஒரு நாளும் சண்டை வந்ததில்லை."

"பிறகு?"

பக்கீர் தடியை மடியில குறுக்கால வைச்சார். "போகச் சொன்ன அண்டைக்கு எங்கட முறை. முதல் நாள் பின்னேரமே கயிறைப் போட்டிட்டு வந்து படுத்தனான். காலமை ஒலிபெருக்கியில சொல்லிக்கொண்டு வந்தாங்கள். கையில எடுக்கக்கூடினதை எடுத்துக்கொண்டு வெளிக்கிடச் சொல்லி. நான் கயிறை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாறன் எண்டு கேட்டுப் பாத்தன். கரைக்குப் போக விடேல்லை."

"அது அப்பிடியே கிடந்ததோ?"

"கிடந்திருக்கும். பிறகு ஆரும் எடுத்திருப்பினம். எடுக்கத்தானே வேணும், கடலை எத்தினை நாளைக்குச் சும்மா விடுறது. நான் ஒருத்தரையும் ஏசினதில்லை. ஆனா ஒண்டு. புத்தளத்தில கன நாள் விடியப்புறம் திடுக்கிட்டு எழும்புவன். கயிறு கரையில கிடக்கு, நான் இன்னும் போகேல்லை, முறை தவறப்போகுதெண்டு. எழும்பிச் சாரத்தைக் கட்டினதுக்குப் பிறகுதான் எங்க இருக்கிறன் எண்டே தெரியும்."

மாமா வாங்கில் கையைப் பிடிச்சு எழும்பி உள்ளுக்கு வந்தார். கட்டிலடியில நிண்டு, அந்தக் கயிறுச் சுருளைத் தூக்கித் தோளில போட்டார். போன கிழமை விழுந்த மனுசன். பிடிப்பமெண்டு கிட்டப் போனன், முழங்கையால தள்ளிவிட்டார்.

"பிள்ளை, விரிப்பை விரி" எண்டார்.

பிறகு வாசலுக்குப் போய், "வாங்கோ. முறை உங்களுக்கு" எண்டார்.

"விட்டுத் தரத் தேவையில்லை" எண்டார் பக்கீர். "நான் காத்திருப்பன்."

"நீங்கள் கனகாலம் காத்திட்டீங்கள். எழும்பி வாங்கோ."

புது விரிப்பை நான் விரிச்ச விரியில ஒரு மூலை மடிஞ்சு கிடந்தது. லூசியா வந்து சரிபண்ணினாள். பக்கீர் கட்டிலில இருந்து, சன்னலால கடலைப் பாத்து, "அல்ஹம்துலில்லாஹ்" எண்டார். உம்மு ஸல்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறாவேயில்லை. சாப்பாட்டைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டா. எங்கட குசினிக்குள்ள பண்டி இறைச்சி வாறதேயில்லை, பெரியவருக்கெண்டு சட்டி புதுசா வாங்கி வைச்சிருக்கிறன், மீன்கறிக்கு மட்டும் இஞ்ச குறையே இருக்காது எண்டு சொன்னன். அப்பதான் அவவுக்குச் சிரிப்பு வந்தது.

முசலிக்குப் போற பின்னேர பஸ்சுக்கு அவவை ஏத்திவிட்டிட்டுத் திரும்பி வாறன். வாசல் முத்தத்தில மாமா தோளில கயிறோட நிக்கிறார். எங்க போறதெண்டு தெரியாமல் நிக்கிறார். என்ர வாக்கு காப்பாத்தியாச்சு. ஊரான் ஒருத்தருக்கு இடம் குடுத்தாச்சு. என்ர மாமா முத்தத்தில.

நான் உள்ளுக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கீரின்ர கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சன்.

"மாமா, லைசன்ஸ் கட்டிலுக்குத்தான். கதிரைக்கு ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை. காலமை வாங்கோ. எல்லாரோடயும் சாப்பிடுங்கோ, கதையுங்கோ, சண்டை பிடியுங்கோ. பொழுதுபட வீட்டை வந்து உங்கட பாயில படுங்கோ."

இவ்வளவு சின்ன விசயம். இதை நான் முதலே யோசிச்சிருக்கலாம். எங்கட வீட்டில வீடு, இல்லமெண்டு ரெண்டைப் பற்றித்தான் சண்டை நடந்தது. நடுவில ஒண்டு இருக்கெண்டு ஒருத்தருக்கும் தோணேல்லை.

கிறகரி பூவரசடியில இருந்து வந்தார். "ஊர் என்ன சொல்லும்?" எண்டார். குரலில முந்தின வேகமில்லை.

"ஊர் பகலில வந்து அவரோட இருந்து கதைக்குமெண்டால் சொல்லுங்கோ. நான் அவரை வீட்டிலயே விடுறன்."

அவர் அப்பாவைப் பின்னால ஏத்தி, கயிறை முன்னால வைச்சுக்கொண்டு போயிட்டார். ஓமெண்டாரோ, இல்லையெண்டாரோ தெரியாது. எங்கட கல்யாணத்தில இருந்து அந்தாள் இப்பிடித்தான்.

நான் வேலை முடிச்சு வீட்டை வர, ரெண்டு பேரும் குசினி மேசையில எதிரெதிரா இருக்கினம். தேத்தண்ணி போட்டு ரெண்டு பேருக்கும் வைச்சன். ஒருத்தரும் தொடேல்லை.

"அப்பா" எண்டார் கிறகரி. "அந்தாள் பனைமுனைப் பாடெண்டு சொன்னவர்."

"ஓம்."

"அந்தச் சனம் போன அடுத்த வருஷம் நாங்கள் தெக்குக் கரையில வாடி போட்டுத் தொழில் செய்தது அதிலயெல்லோ."

"ஓம்."

தொழிலுக்குப் போய்த் தங்கிற அந்த வாடியை எனக்குத் தெரியாது. அந்த வருஷத்தைத் தெரியும். "செபமாலைச் சம்மாட்டிக்குத் தெக்கால நல்ல மீன் பட்டிருக்கு, நல்ல இடம்" எண்டு சொல்லித்தான் எங்கட வீட்டில என்னைக் குடுத்தவை. என்ர தாலியும் இந்த வீட்டுக் கூரையும் அந்த வருஷத்து மீனிலதான் வந்தது. ஆற்ற பாட்டு மீனெண்டு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"மாமா, அந்தக் கயிறு கிடந்ததோ?"

மாமா என்னைப் பாக்கேல்லை. "கிடந்தது. காய்ஞ்சு, பாதி மணலுக்குள்ள மூடி. நான்தான் இழுத்தெடுத்து அங்கால போட்டனான். இனி ஆர் வரப்போகினம் எண்டு நினைச்சன்."

நான் கதிரையொண்டை இழுத்து அவையோட இருந்தன்.

"அவருக்கு இது தெரியாது" எண்டார் கிறகரி. "ஆரும் சொல்லவும் போறதில்லை."

"நான் சொல்லப்போறன். நாளைக்கு."

"சொன்னால் பிறகு உங்களுக்கு முகம் குடுத்துக் கதைப்பாரோ?"

"தெரியாது. கதைக்காமல் விடலாம். எழும்பிப் போகவும் சொல்லலாம்." மாமா கோப்பையைச் சுத்திச் சுத்திப் பிடிச்சார். "இண்டைக்குத்தான் எனக்கெண்டு கதைக்க ஒரு ஆள் அம்பிட்டிருக்கு. எனக்கும் விருப்பமில்லை. ஆனா சொல்லாமல் அந்தாளுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்க என்னால ஏலாது."

பொறுப்பாளர் எண்ட முறையில நான் சொல்லியிருக்கலாம், புதுசா வந்த மனுசன், கொஞ்ச நாள் போகட்டும் எண்டு. சொல்ல வாய் வரேல்லை. நாளைக்கு அந்தச் சன்னலடியில என்ன நடக்குமெண்டு நினைக்க எனக்குப் பயமாத்தான் இருக்கு, உங்களுக்கு ஏன் மறைப்பான்.

கிறகரி ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில குடிச்சார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"

"நீ கடலுக்குப் போறதெல்லோ" எண்டார் மாமா.

"நாளைக்குப் போகேல்லை. அந்த வாடியில நானும் நிண்டனான் அப்பா. அந்தப் பாட்டில வலை இழுத்த ஆக்களில நானும் ஒருத்தன். நீங்கள் சொல்லேக்க நானும் பக்கத்தில நிக்கவேணும்."

மாமா கையை நீட்டி, மகன்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினார்.